தேதி சொல்லாத குரல்

மார்ச் 5, புதன்

தங்கச்சிக்கு,

நடந்தது இதுதான். சனிக்கிழமையிலிருந்து ஊர் முழுக்கப் போன் போனாகச் சுற்றுகிற அந்தக் குரல் என்னுடையது. "குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க, கலங்கலா வருது, நாத்தமும் அடிக்குது, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லுங்க" என்று பேசியவன் நான்தான். ஆனால் பேசியது இந்த வாரம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோடு தோண்டியவர்கள் எங்கள் கடைத்தெரு மெயின் குழாயை உடைத்தார்களே, அன்று காலையில் பேசியது. அன்றைக்கு அது உண்மை. மறுநாளே உங்கள் தண்ணீர் ஆபீஸ் ஆட்கள் குழாயை மாற்றித் தண்ணீரைச் சரிசெய்ததும் உண்மை.

எவனோ அதைத் தேடி எடுத்து, உன் நீரேற்று நிலையத்தின் படத்தை ஒட்டி, "நகர்மன்றத்தின் அலட்சியம், ஊருக்கே விஷம்" என்று எழுதி, ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் என்று உன் நம்பரையும் கீழே போட்டுவிட்டான். நகர்மன்றத் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. யாருக்கு இதில் லாபம் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே நாளில் முந்நூறு பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள், அதனால் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டாய் என்று உங்கள் வேன் டிரைவர் சொன்னார். சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க அவர் தினமும் என் கடை வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற தங்கச்சிக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. ஒரு நல்லது, தாளை யாரும் ஃபார்வர்ட் பண்ண முடியாது.

ஏன் அந்தக் குரலில் தேதி இல்லை என்று கேட்பாய். தினமும் காலை ஏழு மணிக்குப் போனில் இருக்கிற கடைக் குழுவில் குழாய், மோட்டார், ஃபில்டர் விலையை வாயால் சொல்லிப் போடுகிறேன். பிளம்பர், சின்னக் கடைக்காரர், வீடு கட்டுகிறவர் என்று ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் கேட்கிறார்கள். அதில் ஒருநாளும் தேதி சொல்லமாட்டேன். "இன்னிக்கு விலை" என்பேன், அவ்வளவுதான். தேதி சொன்னால், விலை ஏறின பிறகு அதே குரலைப் போட்டுக் காட்டி, "நேத்துதானே சொன்னீங்க" என்று கடையை மறித்து நிற்பான். தேதி இல்லையென்றால், "அது பழைய குரல்" என்று தப்பித்துக்கொள்ளலாம். என் தொழிலில் எல்லோருமே இப்படித்தான். தண்ணீரைப் பற்றிச் சொன்ன அன்றும் நாக்கு அதே தடத்தில் ஓடிவிட்டது. தெருப் பெயரும் வரவில்லை. என் தெருக்காரனுக்குத்தானே சொல்கிறேன் என்ற நினைப்பு.

உன்னிடம் மறைக்கக்கூடாது என்று எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 5, மாலை

அண்ணனுக்கு,

அது உங்கள் குரல் என்று சனிக்கிழமையே தெரியும். இருமலுக்கு முன்னால் "ம்ம்" என்று ஒரு இழுப்பு இழுப்பீர்களே, அது முப்பத்தோராவது விநாடியில் இருக்கிறது. எண்ணினேன். எண்ணுவதுதான் என் வேலை.

இந்த ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷம் ஆயிற்று. ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சோதனை. எனக்குக் காய்ச்சல் என்றோ, மழை என்றோ, உங்கள் வீட்டு விசேஷம் என்றோ ஒரு வேளைகூடத் தவறியதில்லை. சனிக்கிழமை ஊர்க் குழாய்களில் குளோரின் 0.4, 0.2 இருந்தாலே போதும். ஞாயிறு 0.4. திங்கள் 0.5. தண்ணீர் சுத்தமாக இருந்தது. இருக்கிறது.

நேற்றிலிருந்து என்னைக் கட்டாய விடுப்பில் வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி விசாரணை. அதற்குள் ஊர் அடங்காவிட்டால் யாரையாவது பலி கொடுத்தாக வேண்டுமாம். பெரிய என்ஜினியரே சொன்னார். "தப்பு உங்க மேல இல்லம்மா, ஆனா போஸ்ட்ல இருக்கிறது உங்க நம்பர்." குழாய்க் கிடங்குக்கு மாற்றுவார்கள். அங்கே சோதிக்க ஒன்றும் இல்லை. போல்ட் எண்ணலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை இருக்கிறது. இந்த ஐந்து நாள் கதை இல்லை. ஃபில்டர் வாங்க உங்கள் கடை வாசலில் வரிசை நிற்கிறது என்று டிரைவர் சொல்கிறார். எத்தனை விற்றீர்கள்?


மார்ச் 6, வியாழன்

தங்கச்சிக்கு,

நூற்று நாற்பது. நேற்று இரவு வரைக்கும்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், டிரைவர் வாயால் கேட்கவேண்டாம். ஐந்நூறு ஃபில்டருக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. எதிர்க்கட்சிப் பிரச்சார ஆபீசில் போன் வேலையெல்லாம் பார்க்கிற ஒருத்தன் செவ்வாய்க்கிழமை வந்தான். வேட்பாளர் படத்தை ஸ்டிக்கர் அடித்து வீடு வீடாகக் கொடுக்கப் போகிறார்களாம். முன்பணமும் வைத்துவிட்டான். போகும்போது, "உங்க குரலுக்கு ஊர்ல என்ன மரியாதைங்க!" என்று சிரித்தான். என் குரலைத் தேடி எடுத்துப் பரப்பியவன் இவன்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் பேசாமல் இருந்தேன். எழுதுகிற கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

என் பக்கத்தையும் கேள். வந்து கேட்டவனுக்குக் கொடுத்தேன். வழக்கமான விலைக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. மற்ற கடைக்காரன் இரட்டிப்பு வாங்குகிறான். சைக்கிள் கேரியரில் குழாயைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாக விற்றவன் நான். யாரும் எனக்குக் கடை வைத்துக் கொடுக்கவில்லை. தேடி வருகிற வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிப் பழக்கம் இல்லை. அதுவும் போக, "அது பழைய குரல்" என்று இப்போது நான் சொன்னால், ஆளுங்கட்சிக்குப் பரிந்து பேசுகிறேன் என்பான். என் கடையில் இரண்டு கட்சிக்காரனும் குழாய் வாங்குகிறான்.

கடிதம் முழுக்க என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் "டேய் அண்ணா, இலை போடுடா" என்றவள் நீ. திட்டுவதென்றால் திட்டு. இந்த மரியாதை மட்டும் வேண்டாம்.


மார்ச் 7

அண்ணனுக்கு,

செவ்வாய் 0.4. புதன் 0.4. வியாழன் 0.5. என் உதவியாளர் சோதித்து டிரைவரிடம் எழுதிக் கொடுத்தது.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காத ஜனம் எதைக் குடிக்கிறது என்று யோசித்தீர்களா? எல்லோராலும் ஃபில்டர் வாங்க முடியாது. டேங்கர் லாரியில் வாங்குகிறார்கள். அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. லாரிக்காரனுக்கே தெரியுமோ என்னவோ.

இனி எழுதவேண்டாம்.


மார்ச் 10, திங்கள்

தங்கச்சிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

கடையில் சரக்கு இறக்குகிறாரே, வேகமாக நடப்பதால் எல்லோரும் "ரயில்" என்று கூப்பிடுவோமே, அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவரும் மனைவியும். வாந்தி, பேதி. டேங்கர் தண்ணீர். அவர் தெருவில் மட்டும் பதினொரு பேர். உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கட்டிலோரம் உட்கார்ந்து, "குழாய்த் தண்ணி நல்லாத்தான்யா இருந்துச்சு, ஏன் விட்டீங்க?" என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முதலாளி, நீங்கதான சொன்னீங்க? வேற எவன் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனா?"

பதினெட்டு வருஷமாக என் வார்த்தைக்கு இந்த ஊரில் இருக்கிற மதிப்பை நினைத்துத் தலைநிமிர்ந்து நடந்தவன். அந்த மதிப்புதான் அவரைக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. உன் அண்ணி, "தங்கச்சி வேலைக்கு ஆபத்துன்னப்போ மூணு வேளையும் நல்லாத்தான் சாப்பிட்டீங்க" என்றாள்.

மறுநாள், சனிக்கிழமை, குழுவில் பேசினேன். அந்தக் குரல் பழசு, தெருவும் இதுதான், தண்ணீர் இப்போது சுத்தம் என்று முழுக்கச் சொன்னேன். ஐந்நூறு ஃபில்டர் முன்பணத்தையும் அந்த ஸ்டிக்கர்காரனிடம் திருப்பி வைத்தேன். "ஏங்க, உங்களுக்கு நஷ்டம்தான?" என்று கேட்டான். "ஆமா. அதனாலதான் யோசிச்சுச் செய்றேன்" என்றேன்.

ஆனால் கேள், என் திருத்தம் குழுவைத் தாண்டவே இல்லை. பத்து பிளம்பரைக் கேட்டேன், வேறு யாருக்காவது அனுப்பினீர்களா என்று. ஒருத்தன் சொன்னான், "அண்ணே, தண்ணி நல்லா இருக்குன்னு யாருக்கு அனுப்புறது?" அவனைக் குறை சொல்ல முடியாது. பயத்தை ஜனம் சும்மாவே அனுப்பும். நிம்மதியை அனுப்ப வைக்கவேண்டுமென்றால் கூடவே ஏதாவது கொடுக்கவேண்டும். அது எனக்குத் தெரிந்த வித்தை.

வருகிற ஞாயிறு, பதினாறாம் தேதி, கடை வாசலில் ஃபில்டரைத் திரும்ப வாங்குகிறேன், முழு விலைக்கு. எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி, பில் இருந்தால் போதும். ஒரே நிபந்தனை. வரும்போது தன் வீட்டுக் குழாயில் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரவேண்டும். அவன் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டியபிறகுதான் பணம். இதை நான் குழுவில் சொல்லி ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஊர்க்காரன் எனக்கே ஃபார்வர்ட் பண்ணிவிட்டான்!

சோதிக்க ஆள் வேண்டும். நீ வா.


மார்ச் 11

அண்ணனுக்கு,

ரயில் அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்காமல் என்னை வைத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டீர்கள். வியாபாரி புத்தி. கோபம்தான், ஆனாலும் வருகிறேன். சில விஷயங்களுக்கு ஒப்புக்கொண்டால்.

விடுப்பில் இருக்கிற நான் ஆபீஸ் கருவியைத் தொடமுடியாது. பெரிய என்ஜினியர், "நீங்க பண்ணுங்கம்மா, நான் பார்க்கல" என்றார். அது போதாது என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று தடவை பேனாவை மூடித் திறந்தார்.

பாட்டில் மேல் தெருப் பெயர், பிடித்த தேதி, மணி மூன்றும் இருக்கவேண்டும். இல்லாத பாட்டிலை எடுத்தவாக்கில் கீழே கொட்டுவேன். உங்கள் பெரிய வாடிக்கையாளர் என்றாலும் கொட்டுவேன்.

தண்ணீரில் சோதனை மாத்திரை போட்டு ரோஜா நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி இல்லை என்று சொல்ல மறுநாள் வரை பொறுக்கவேண்டும். "தண்ணி அமிர்தம்" என்றெல்லாம் நீங்கள் கூவக்கூடாது.

கடைசியாக ஒன்று. நிறம் வராத பாட்டில் வந்தால் அதையும் அதே இடத்தில், அதே சத்தத்தில் சொல்லவேண்டும். நான் இல்லை. நீங்கள், உங்கள் குரலில். இதற்கு முடியாது என்றால் அன்று நான் வேனில் ஏறமாட்டேன்.


மார்ச் 12

தங்கச்சிக்கு,

கெட்ட பாட்டில் ஒன்று வந்தால் போதும், நாம் செய்ததெல்லாம் தண்ணீரில் போகும். அந்த ஸ்டிக்கர்காரன் ஆளை விட்டே அழுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வான். கொஞ்சம் வளைந்து கொடு.

சரி, வளையமாட்டாய். உன்னைத் தெரியாதா. ஒப்புக்கொள்கிறேன். நாற்காலி போட்டு வைக்கிறேன்.


மார்ச் 17, திங்கள்

அண்ணா,

நேற்று உன் கடைப் படியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இரண்டே வார்த்தை. நான் "அடுத்தது" என்றேன், நீ "வரிசை" என்றாய். அதனால் மீதியை எழுதுகிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில். தேதி இல்லாததால் கொட்டியது பதினேழு, அதில் ஒன்று அண்ணியுடையது. நீ சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். என்னைப் போனில் அசிங்கமாகத் திட்டிய ஒருத்தரும் வந்திருந்தார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. தண்ணீர் ரோஜா நிறமானதும், "இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோதான் சார், தினமும் மூணு தடவை செய்றோம்" என்றேன். மனுஷன் போகாமல் நின்று, பின்னால் வந்தவர்களுக்குப் பாட்டில் மேல் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொருத்தரும் தன் தெருப் பெயரைச் சொல்லித் தானே படம் பிடித்தார்கள். நாம் ஒன்றுகூட அனுப்பவில்லை.

பிறகு பழைய பேக்கரிச் சந்திலிருந்து அடுத்தடுத்து மூன்று பாட்டில். நிறம் வரவில்லை. மறுபடி செய்தேன், வரவில்லை. பின்னால் எவனோ, "பாத்தீங்களா, சொன்னாங்கல்ல!" என்றான். நான் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் நிழல் மட்டும் என் மேஜைமேல் விழுந்திருந்தது, அது அசையவில்லை. எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள், அப்படித்தான் நினைத்தேன்.

நீ போனை எடுத்து வாயருகே வைத்து, "இன்னிக்கு மார்ச் பதினாறு, மணி பதினொண்ணே கால். பழைய பேக்கரிச் சந்துல மூணு வீட்டுத் தண்ணியில குளோரின் இல்ல. அந்தச் சந்துக்காரங்க மட்டும் கொதிக்க வெச்சுக் குடிங்க. மத்தவங்க குழாய்த் தண்ணியையே குடிங்க. சோதிச்சது என் தங்கச்சி" என்றாய். விலை சொல்கிற அதே குரலில்.

மதியம் அந்தச் சந்தில் தோண்டியபோது சாக்கடையை ஒட்டிக் குழாயில் விரல் நுழைகிற விரிசல். இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். நாங்கள் சோதிக்கிற குழாய் சந்து முனையில் இருக்கிறது, விரிசல் அதற்கு அப்பால். பதினோரு வருஷத்தில் என் எண்களுக்குத் தெரியாத ஒரு ஓட்டையை உன் பாட்டில் வரிசை கண்டுபிடித்தது. எனக்கு அது கொஞ்சம் குத்துகிறது. அதையும் விசாரணையில் நானே சொல்லப்போகிறேன்.

கிருமிச் சோதனைக்கு வீட்டுப் பாட்டில் உதவாது, பாட்டிலிலேயே கிருமி இருக்கும். உதவியாளர் சுத்தம் செய்த புட்டியில் இருபது தெருவில் எடுத்தார். இன்று காலை பார்த்தேன். பத்தொன்பது சுத்தம். இருபதாவது அந்தச் சந்து.

நாளை விசாரணை. என்ன ஆனாலும் சரி. நேற்று நான் என் வேலையை ஊர் நடுவில் உட்கார்ந்து செய்தேன். என் அண்ணன் பக்கத்தில் நின்றான்.

தங்கச்சி


மார்ச் 20, வியாழன்

தங்கச்சிக்கு,

நீ மறுபடி ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிவிட்டாய் என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து சொன்னார். விசாரணையில் பெரிய என்ஜினியர் ஜனங்கள் எடுத்த படங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினாராம். அந்த விரிசலைப் பற்றி நீயாகவே சொன்னதும், கேள்வி கேட்க வந்தவர்கள் பேப்பரை மூடி வைத்துவிட்டார்களாம். பேனாவை மூடித் திறந்தவர் இப்போது, "எங்க லேப் மேடம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

இந்த ஊரில் உன்னை எல்லோரும் என் தங்கச்சி என்றுதான் சொல்வார்கள். நேற்று ஒரு பெண்மணி குழாய் வாங்க வந்தாள். தன் மகளிடம் என்னைக் காட்டி, "தண்ணி டெஸ்ட் பண்ற மேடம் இருக்காங்கல்ல, அவங்க அண்ணன்" என்றாள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். அவளுக்குக் குழாயை மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். நான் விலை குறைத்தேன் என்று வெளியே சொல்லாதே.

திரும்பி வந்த ஃபில்டர் தொண்ணூற்றாறுதான். மற்றவர்கள் சோதனையைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டார்கள். ரயில் வேலைக்கு வந்துவிட்டார். நடையில் வேகம் இன்னும் வரவில்லை. அவர் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "விடுங்க முதலாளி" என்றார். நான் விடவில்லை. அவர் தெருக்காரர்கள் பதினொரு பேர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரி பில்லை வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறேன், பணம் நான் கட்டுகிறேன்.

ஸ்டிக்கர்காரனும் வந்தான். அசராத ஆள், அதை மட்டும் மெச்சவேண்டும். தேர்தலன்று காலை ஏழு மணிச் செய்தியை மட்டும் தனக்குக் கொடுக்கச் சொன்னான். "உங்க குரல்ல நாலே வரி. விலைய நீங்களே சொல்லுங்க." அவன் தருவதாகச் சொல்லி நான் வேண்டாமென்று விட்ட தொகையை எழுதினால் உன் அண்ணி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஆளுங்கட்சிக்காரனும் மறுநாள் வந்தான், "நமக்காகத்தான் உண்மையைச் சொன்னீங்க" என்று மாலையோடு. "உங்களுக்காக இல்ல" என்று மாலையையும் அவனையும் சேர்த்து அனுப்பினேன்.

நேற்று மாலை பெரிய என்ஜினியர் கடைக்கு வந்து முக்கால் மணி நேரம் பேசினார். ஆபீஸ் பலகையில் தினமும் ஒட்டுகிற எண்ணை யாரும் படிப்பதில்லை, நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள் என்றார். பேரம் பேசி முடித்துவிட்டோம். நீ எதையும் எழுத்தில் கேட்பாய், அதனால் எழுதுகிறேன். தினமும் காலை ஆறே முக்காலுக்கு நீ எண்ணைக் கொடுக்கவேண்டும். ஏழு மணிக்கு என் விலைக்கு முன்னால், தேதியோடு அதைச் சொல்வேன். நல்ல எண்ணுக்கும் கெட்ட எண்ணுக்கும் ஒரே குரல். ஃபில்டர் விலை அந்தச் செய்தியில் வராது, ஒரு மணி நேரம் கழித்துத் தனியாகப் போகும். எனக்குக் கூலி கிடையாது, தண்ணீர் வரியிலும் சலுகை கிடையாது. நீ கொடுக்கிற எண்ணை மாற்றச் சொல்லி ஆபீசில் யார் கேட்டாலும், கேட்டவர் பெயரையும் நான் சொல்லலாம். அந்த வரியை ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு டீ ஆயிற்று. முப்பது நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளலாம். தேர்தல் வருகிற மாதத்தில் மட்டும் யாரும் விலகக்கூடாது.

அண்ணன்